அடை வைக்கும் நாளில் தொடங்கும் சேவல் கணக்கு

கொல்லைப்புறத்தில் கோழி வளர்ப்பவர்கள் இரண்டு புகார்களைத் தனித்தனியாகச் சொல்வார்கள். பெட்டைகள் அடைக்கு உட்கார்ந்து முட்டையை நிறுத்திவிடுகின்றன என்பது ஒன்று. சேவல் பெருகிப்போய் பெட்டைகளை நிம்மதியாக இருக்க விடுவதில்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே புகார்தான் என்று நினைக்கிறேன். ஒரு கோழிக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாலே அது விளங்கும்.

கூட்டத்தின் நிலை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கோழிகள் இவை. வளர்ப்பவர் என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலி போட்ட கொல்லை, இரவில் அடைக்க ஒரு மரக்கூடு, முட்டையிட மூன்று பெட்டிகள். பெட்டை 14, சேவல் 7. சேவல்களில் இரண்டு முதிர்ந்தவை, மற்ற ஐந்தும் நாலரை மாத இளசுகள். முந்தைய ஈட்டில் பொரித்துப் பிழைத்த 7 குஞ்சுகளில் 5 சேவலாகவும் 2 விடையாகவும் (இளம் பெட்டையாகவும்) போயின. அந்த ஐந்துதான் இவை.

அக்கா சொன்னது இது: நாளுக்கு மூன்று நான்கு முட்டைதான் கிடைக்கிறது. பெட்டைகளின் முதுகில் இறகு இல்லை. நான்கு பெட்டைகள் அடைக்கு உட்கார்ந்திருக்கின்றன. கடைசியாக வைத்த அடையில் பாதிக்கு மேல் கூமுட்டை.

“தீவனத்துல ஏதாவது குறையா தம்பி? சுண்ணாம்புச் சத்து போதலையோ?” என்று கேட்டார்.

நியாயமான சந்தேகம்தான். ஆனால் இட்ட முட்டைகளின் ஓடு கெட்டியாக இருந்தது. எச்சம் சரியாக இருந்தது. மூக்கில் நீர் இல்லை, எந்தக் கோழியும் சோர்ந்து நிற்கவில்லை. இறகு போன இடங்களும் முதுகின் நடுவிலும் பின்கழுத்திலும் மட்டுமே. சத்துக் குறைவோ இறகு உதிர்காலமோ என்றால் அப்படி ஒரே இடத்தில் போகாது. பேன் தொல்லையாக இருந்தால் எச்சத்துளையைச் சுற்றித்தான் முதலில் தெரியும். முதுகும் பின்கழுத்தும் சேவல் ஏறி மிதிக்கும்போது காலும் அலகும் படுகிற இடங்கள்.

காலையில் கூட்டைத் திறக்கும்போது பார்த்தது

மருந்து, தீவனம் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கூடு திறக்கும் நேரத்தில் ஓரமாக நின்று பார்த்தோம். கோழி வளர்ப்பவர்கள் எல்லோரையும் நான் கேட்டுக்கொள்வது இது. பகலில் தானியம் வீசும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தெரியும். கூட்டத்தின் உண்மை நிலை விடியலில்தான் தெரியவரும்.

கதவு திறந்ததும் இளஞ்சேவல்கள் முதலில் வெளியே வந்தன. வந்தவை தீவனத்துக்குப் போகாமல் கதவருகிலேயே நின்றன. இறங்குகிற ஒவ்வொரு பெட்டையையும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து துரத்தின. ஒன்று மிதித்துவிட்டு இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது. ஐந்து பெட்டைகள் கம்பிலேயே உட்கார்ந்துவிட்டன, வெகுநேரம் இறங்கவே இல்லை. இறங்காத கோழி தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் முட்டை உடனே குறையும், ஏனென்றால் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தீவனத்தில் எதைக் கூட்டினாலும் அது இந்தப் பெட்டைகளைப் போய்ச் சேரப்போவதில்லை.

அப்புறம் ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்துப் பார்த்தோம். ஒன்பது பெட்டைகளுக்கு முதுகு வெறும் தோலாக இருந்தது. இறக்கையைத் தூக்கிப் பார்த்ததும்தான் அக்கா பதறிப்போனார். இரண்டு பெட்டைகளுக்கு இறக்கைக்கு அடியில், விலாவில், தோல் நீளமாகக் கிழிந்திருந்தது. முதிர்ந்த சேவலின் கால்முள் கிழிக்கிற இடம் அது. இறக்கை மூடிக்கொள்வதால் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஈ முட்டையிட்டுப் புழு வைத்த பிறகே பலர் கவனிக்கிறார்கள். முதுகில் இறகு போன பெட்டை எங்கே இருந்தாலும் அதன் இரண்டு இறக்கைகளையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

பொதுவாக 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்பார்கள். லெக்ஹார்ன் போன்ற இலகு இனங்களில் ஒரு சேவல் 12 பெட்டை வரைகூடச் சமாளிக்கும். இங்கே இரண்டு பெட்டைக்கு ஒரு சேவல். அதிலும் சேவல் எல்லாப் பெட்டைகளையும் சமமாக மிதிப்பதில்லை. அதற்குப் பிடித்தவை, எளிதில் பதுங்குகிறவை என்று சிலவற்றையே திரும்பத் திரும்பத் தேடிப்போகும். ஆக, சராசரியாகக் கணக்கிட்டால் தெரிவதைவிடப் பாதிப்பு அதிகம்.

அடையில் இருந்தவை எத்தனை?

நான்கு பெட்டைகள் அடையில் என்று அக்கா சொன்னாரே, அதில் ஒன்று அடைக்கோழியே இல்லை.

உண்மையான அடைக்கோழியைக் கண்டுபிடிப்பது எளிது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். இறக்கிவிட்டால் கேறிக்கொண்டே நடக்கும். நாளுக்கு ஒருமுறை, கால் மணியோ அரை மணியோ வெளியே வந்து தின்று, குடித்து, வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரே எச்சமாகக் கழித்துவிட்டுத் திரும்பி ஓடும். மார்பின் அடியில் இறகு உதிர்ந்து, தோல் சூடாக, சிவந்து இருக்கும். முட்டைக்கு நேரடியாகச் சூடு கொடுப்பதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மூன்று பெட்டைகளிடம் இவை எல்லாம் இருந்தன. நான்காவதற்கு மார்பில் இறகு அடர்த்தியாக இருந்தது. கை வைத்தபோது சிலிர்க்கவில்லை, சுருங்கிக்கொண்டது. முதுகு மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட மோசம். அது முட்டைப் பெட்டியை ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்திருந்தது. அதைப் பிடித்து அடை கலைக்கும் கூண்டில் போட்டிருந்தால் ஏற்கெனவே பயந்துபோன கோழிக்கு இன்னொரு தண்டனையாகியிருக்கும்.

மூன்று உண்மையான அடைக்கோழிகளும் மாறி மாறி ஒரே பெட்டியில் நெருக்கியடித்துக் கிடந்தன. இரவில் அவற்றுக்கு அடியில் இருந்த 13 முட்டைகளையும் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான்கில் கரு நன்றாக வளர்ந்து, காற்றறை தவிர மற்ற இடமெல்லாம் இருண்டு, உள்ளே அசைவும் தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு வாரக் கரு. மூன்றில் சிலந்தி வலைபோல நரம்புகள் மட்டும், சில நாள் கரு. இரண்டில் சிவப்பு வளையம், அதாவது கரு தொடக்கத்திலேயே செத்துவிட்டது. மீதி நான்கும் தெளிவாக இருந்தன. அவை புதிதாக இட்டவையாகவோ கருவே கூடாதவையாகவோ இருக்கலாம்.

கடைசி அடையில் கூமுட்டை மிகுந்ததற்குக் காரணம் இங்கே கிடைத்துவிட்டது. அடைக்கு வைத்த முட்டையில் பென்சிலால் அடையாளம் போடவில்லை. மற்ற பெட்டைகளும் அதே பெட்டியில் வந்து இட்டுவிட்டுப் போயிருக்கின்றன. கோழிக்குஞ்சு பொரிக்க 21 நாள். முதல் குஞ்சு வெளியே வந்து ஓரிரு நாளில் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். பின்னால் சேர்ந்த முட்டைகள் உயிரோடு இருக்கும்போதே குளிர்ந்துபோகும். சேவல் ஏழு இருந்தும் கூமுட்டை ஏன் என்று அக்கா கேட்டதற்கு இது பாதி பதில். மற்ற பாதி, சேவல் கூடினால் கருக்கூடுவதும் கூடும் என்று நினைப்பது தவறு என்பது. ஒன்று மிதிக்கும்போது இன்னொன்று இடித்துத் தள்ளுகிறது, பெட்டைகளும் பயந்து ஓடி ஒளிகின்றன. இதனால் கருக்கூடுவது குறையவும் செய்யும்.

இரண்டும் ஒன்று என்பது எப்படி

அடைக்கோழியைப் பார்த்ததும் அதற்கு அடியில் முட்டை வைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் வைக்கிற முட்டையில் பாதி சேவல். பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயின் முட்டைதான். அது பெட்டையின் உடலுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பொறுக்கி வைப்பதில் பயனில்லை. அடையில் சூட்டைக் கூட்டிக் குறைத்தும் அதை மாற்ற முடியாது.

பாதி என்பதுகூட நீண்ட கால சராசரிதான். 7 குஞ்சில் 5 அல்லது அதற்கு மேல் சேவலாக வரும் வாய்ப்பு 128-ல் 29. நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அக்காவுக்கு நேர்ந்தது துரதிர்ஷ்டமில்லை, சாதாரணமாக நடக்கிற விஷயம். 8 குஞ்சு பொரித்தால் அதில் 6 அல்லது அதற்கு மேல் சேவலாக இருக்கும் வாய்ப்பு ஏழில் ஒன்று. ஆண்டுக்கு மூன்று நான்கு அடை வைக்கிற வீட்டில் இப்படி ஓர் ஈடு வருவதில் ஆச்சரியமில்லை.

ஆகவே அடை வைக்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி: இதிலிருந்து வரும் சேவல்கள் நாலு மாதம் கழித்து எங்கே இருக்கும்? பதில் இருந்தால் வைக்கலாம். இல்லையென்றால் அடையைக் கலைத்துவிடுவதே நல்லது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் வைத்த ஓர் அடைதான் இந்தக் கூட்டத்தில் பெட்டைகளின் முதுகைக் கிழித்தது. பயந்த பெட்டைகள் பெட்டிகளிலேயே கிடந்தன, அக்காவும் பெட்டியில் கை விடத் தயங்கினார், முட்டை சேர்ந்தது. சேர்ந்த முட்டை அடுத்த அடைக்கு அழைப்பு. அந்த அடையிலிருந்து மறுபடி சேவல்.

முதல் வேலை: சேவல்கள்

அன்று மாலையே, கோழிகள் அடைந்து இருட்டிய பிறகு, ஐந்து இளஞ்சேவல்களையும் பிடித்துத் தனிப் பட்டியில் விட்டோம். இருட்டில் கோழி எதிர்க்காது, பிடிபடுகிற பயமும் குறைவு. பட்டி பெட்டைகளின் கண்ணில் படாத பக்கம் இருப்பது முக்கியம். ஒன்றாக வளர்ந்த சேவல்கள், பெட்டை கண்ணில் படாதவரை, பெரிய சண்டை இல்லாமல் சேர்ந்து வாழும். தீவனத் தட்டு இரண்டு, ஏறி உட்காரவும் மறைந்துகொள்ளவும் ஒன்றிரண்டு இடங்கள் வேண்டும். அதிலிருந்து ஒன்றை வெளியே எடுத்துச் சில நாள் கழித்துத் திரும்ப விட்டால் மட்டும் சண்டை மூளும். அதற்கு இருந்த இடம் போய்விட்டிருக்கும், புதிதாகக் கொத்திப் பிடிக்க வேண்டும். கோழிகளுக்குள் இப்படி ஒரு கொத்து வரிசை இருப்பதை 1920களின் தொடக்கத்திலேயே நார்வேயின் தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே பதிவு செய்திருக்கிறார்.

முதிர்ந்த இரண்டில் எதை வைப்பது? ஒன்று பெரியது, பளபளப்பானது, ஆளைக் கண்டால் பாய்வது. இன்னொன்று அளவில் சிறியது. அக்காவின் பையனுக்குப் பெரியதுதான் பிடிக்கும். நான் சிறியதைச் சொன்னேன். தரையில் இரை கண்டால் அது தான் தின்னாமல் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிட்டது. ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்திப் பெட்டையைச் சுற்றி வந்து, அது பதுங்கினால் ஏறியது, விலகினால் விட்டுவிட்டது. மேலே பருந்து வட்டமிட்டபோது முதலில் குரல் கொடுத்ததும் அதுதான். பெட்டைகள் அதன் பக்கத்தில் தாமாகப் போய் நின்றன. சேவலின் தரத்தை நம் கண்ணைவிடப் பெட்டைகளின் நடத்தை சரியாகச் சொல்லும். மூர்க்கம் ஓரளவு குஞ்சுகளுக்கும் இறங்கும் என்பதால் பெரிய சேவலின் வாரிசு வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

பெரியதும் பட்டிக்குப் போனது. தடுப்பு வைத்துத் தனியாக. முதிர்ந்த சேவலை இளசுகளோடு விட்டால் இரத்தம் பார்க்காமல் ஓயாது.

கூவல் குறையும் என்று அக்கா எதிர்பார்த்தார், அவ்வளவாகக் குறையவில்லை. விடியலில் கூட்டத்தின் முதல் நிலைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும், முதலாவதை எடுத்துவிட்டால் இரண்டாவது தொடங்கும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒரு சேவலை விலக்கி அமைதி வாங்க முடியாது.

அந்த ஐந்து சேவல்களின் முடிவு

இதைப் பேசாமல் எழுதுவது நேர்மையாகாது. “அறுத்துத்தான் ஆகணுமா தம்பி?” என்று அக்கா கேட்டார். பையன் ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தான்.

வழிகள் அதிகமில்லை. யாருக்காவது கொடுக்கலாம். ஆனால் கோழி வளர்க்கும் எல்லோரிடமும் சேவல் மிச்சம்தான். வாங்க வருபவர் எதற்கு வாங்குகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கொடுக்க வேண்டும், சண்டைக்கு விடுபவர் கையில் போகக்கூடாது. சேவல் பட்டியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். அது உண்மையிலேயே நல்ல வழி, தீவனமும் இடமும் இருக்கும்வரை. விதை நீக்கம் பற்றிச் சிலர் கேட்பார்கள். சேவலின் விதை வயிற்றுக்குள், சிறுநீரகத்தை ஒட்டி இருக்கிறது. அது வயிற்றைக் கிழிக்கும் அறுவை, வீட்டில் செய்யவே கூடாது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். வீட்டுச் சேவல் வெளியே பசியாலோ வேட்டை விலங்காலோ மெதுவாகச் சாகும்.

இறைச்சிக்கு எடுப்பது என்று முடிவானால், அதை ஒழுங்காகச் செய்வது வளர்த்தவரின் கடமை. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்துவிடலாம், தள்ளிப்போடுவதால் சேவலுக்கும் நன்மையில்லை. முந்தைய இரவு தீவனத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் விட வேண்டும். இருட்டில் பிடித்து, அமைதியாக அணைத்து வைத்து, மற்றவை பார்க்காத இடத்தில், கை பழகியவர் ஒரே முறையில் முடிக்க வேண்டும். பழகாத கையால் முயல்வது கொடுமை.

குடும்பம் எடுத்த முடிவு: மூன்று இளசுகளும் அந்தப் பெரிய சேவலும் இறைச்சிக்கு. பையன் பெயர் வைத்தது, அதன் துணைக்கு இன்னொன்று, இரண்டும் பட்டியில் இருக்கும். பட்டியில் அதிகபட்சம் நான்கு என்று ஓர் எல்லையையும் வைத்துக்கொண்டார்கள். இந்த எல்லை பின்னால் முக்கியமாகிறது.

அடைக்கோழிகள்: ஒன்றை வைத்தோம், இரண்டைக் கலைத்தோம்

மூன்றில் கறுப்புப் பெட்டை ஏற்கெனவே குஞ்சு வளர்த்தது, இரண்டு வயது, உடல் நன்றாக இருந்தது. மற்ற இரண்டும் இளையவை. ஒன்று நெஞ்செலும்பு துருத்தும் அளவுக்கு மெலிந்திருந்தது. அடையில் கோழி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை இழக்கலாம். மெலிந்த கோழியை அடைக்கு விடுவது நல்லதல்ல.

கறுப்பியை இரவில், அந்த நான்கு இரண்டு வார முட்டைகளோடு, தனி அடைப்புக்கு மாற்றினோம். முன்பக்கம் சாக்கால் மறைத்து, எட்டும் தூரத்தில் தண்ணீரும் தீவனமும் வைத்தோம். வழக்கமாக முதலில் பொய்முட்டை வைத்து, ஓரிரு நாள் நிலைத்து உட்காருகிறதா என்று பார்த்த பிறகே நல்ல முட்டை வைப்பேன். இங்கே கரு வளர்ந்துவிட்டதால் காத்திருக்க வழியில்லை. அவள் நகரவில்லை. அடையில் இருக்கும் கோழி மண்ணில் புரள்வது குறைவு என்பதால் எச்சத்துளை அருகில் பேன் இருக்கிறதா என்று பார்த்து, இருந்ததற்கு மருந்துத் தூள் போட்டோம்.

சில நாள் கரு இருந்த மூன்று முட்டைகள் பற்றி அக்கா தயங்கினார். நான்கோடு சேர்த்து வைத்தால் அவை பொரிப்பதற்குள் தாய் இறங்கிவிடுவாள். தனியாக வைத்தால் இன்னொரு அடை, இன்னொரு ஈட்டுச் சேவல். எடுத்துவிட்டோம். எடுக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. முட்டைகளைத் தினமும் பொறுக்கியிருந்தால் இந்தத் தயக்கத்துக்கே இடமிருந்திருக்காது.

கலைக்க வேண்டிய இரண்டையும் அடிப்பக்கம் கம்பி வலையாலான கூண்டில் போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தோம். வைக்கோல் இல்லை, பெட்டி இல்லை, மறைவு இல்லை. நல்ல வெளிச்சம், நிழல், தீவனம், தண்ணீர் உண்டு. இரவும் அங்கேயே. தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது, இருட்டில் அடைப்பது எல்லாம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எதுவும் தேவையில்லை. அடைக்குக் காரணம் மூளையின் அடியில் உள்ள சுரப்பி விடும் புரொலாக்டின் என்ற ஹார்மோன். 1930களில் ஆஸ்கர் ரிடில் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் அதைக் கோழிக்குச் செலுத்தி அடைக்கு உட்கார வைத்தே காட்டினார்கள். கூட்டிலும் முட்டையிலும் மார்பு உரசிக்கொண்டிருப்பதுதான் அந்தச் சுரப்பைத் தொடரச் செய்கிறது. அந்தத் தொடுகை அறுந்தால் சுரப்பு தானாக இறங்கும். தண்ணீரில் முக்கினால் கோழி சற்று நேரம் நடுங்கும், பிறகு ஈரத்தோடு போய் அதே பெட்டியில் உட்காரும்.

மூன்றாம் நாள் மாலை திறந்துவிட்டபோது ஒன்று நேராகப் போய் மண்ணைக் கிளறத் தொடங்கியது. மெலிந்தது நேராகப் பெட்டிக்கு ஓடியது. அதற்கு இன்னும் இரண்டு நாள் கூண்டு. எவ்வளவு நாளாக அடையில் இருந்ததோ அவ்வளவு தாமதமாகத்தான் கலையும். அதனால் உட்கார்ந்த முதல் ஓரிரு நாளிலேயே முடிவெடுத்துவிடுவது கோழிக்கும் எளிது.

கலைந்த மறுநாளே முட்டை வரவில்லையே என்று பதற வேண்டாம். அடையின்போது சினைப்பை சுருங்கிவிடுகிறது. ஒரு மஞ்சள் கரு முழு அளவுக்கு வளரவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இரண்டு மூன்று வாரம் பொறுத்திருப்பது இயல்பு. முழு அடை என்றால் கணக்கு வேறு: 21 நாள் அடை, அப்புறம் ஐந்து முதல் எட்டு வாரம் குஞ்சோடு. இரண்டு, இரண்டரை மாத முட்டை போகும். குஞ்சு வேண்டியபோது அது நல்ல பேரம், வேண்டாதபோது வீண்.

குஞ்சுகள்

அக்காவுக்கு வேண்டியது முட்டையிடும் பெட்டைகள். ஆனால் பெட்டைகளிடம் இருந்த விந்து ஏழு சேவல்களுடையது. கோழி தன் உடலில் விந்தைச் சேர்த்து வைத்திருக்கும். சேவலை விலக்கிய பிறகும் இரண்டு மூன்று வாரம் கருக்கூடிய முட்டை வரும். சிறிய சேவலின் வாரிசுதான் வேண்டும் என்றால் மற்றவற்றை விலக்கி மூன்று வாரம் கழிந்த பிறகே முட்டை சேர்க்க வேண்டும். கறுப்பியோ இப்போது உட்கார்ந்திருக்கிறாள்.

எனவே வேறு வழி. பொரிக்கும் நாளை ஒட்டி, பெட்டை என்று பிரித்தறிந்த ஒரு நாள் குஞ்சுகள் ஐந்தை அக்கா வாங்கினார். சில கலப்புகளில் பிறந்த அன்றே குஞ்சின் தூவி நிறத்தில் ஆண் பெண் தெரிந்துவிடும். சிவப்புச் சேவலுக்கும் வெள்ளி நிறப் பெட்டைக்கும் பிறந்தால் வெளிறியது சேவல், செம்மஞ்சள் பெட்டை. மற்ற இனங்களில் எச்சத்துளையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள், அதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

நான்கு முட்டையில் மூன்று பொரித்தன, ஒன்று ஓட்டைக் கொத்திய நிலையிலேயே செத்தது. அன்று இரவு, நல்ல இருட்டில், வாங்கிய குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கறுப்பியின் பின்பக்கமாக அடியில் தள்ளினோம். விடிவதற்கு முன்பே அக்கா போய் நின்றுவிட்டார். சில தாய்கள் அந்நியக் குஞ்சைக் கொத்தும், அப்போது உடனே எடுக்க ஆள் வேண்டும். இவள் எட்டையும் ஒன்றாகவே பார்த்தாள். வாங்கியதில் ஒன்று சோனி, மூன்றாம் நாள் போய்விட்டது.

தீவனத்தில் ஒரு எச்சரிக்கை. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு இருக்கும். அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனத்தைத் தாய்க்கும் சேர்த்தே போட்டோம், முட்டையிடாத தாய்க்கு அதனால் குறையில்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து

சேவல்களை எடுத்த மறுநாளே ஒளிந்திருந்த அந்த நான்காவது பெட்டை வெளியே வந்துவிட்டது. விலாவில் காயம்பட்ட இரண்டையும் உப்பு நீரில் கழுவி, சிவப்பைக் கண்டு மற்றவை கொத்தாதபடி தனியே வைத்திருந்தோம், அவை ஆறிக் கூட்டத்தில் சேர்ந்தன. சிறிய சேவலின் கால்முள் நுனியை அரத்தால் மழுக்கினோம். முட்டை நாளுக்கு ஏழு எட்டு என்றாகியது. பெட்டிகளிலிருந்து காலையும் மாலையும் முட்டை எடுக்கிறார்கள், அந்தி சாய்ந்ததும் பெட்டிகளை மூடுகிறார்கள்.

முதுகு மட்டும் இன்னும் பல பெட்டைகளுக்கு அப்படியே. வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் புது இறகு சில வாரத்தில் வந்தது. நடுவில் ஒடிந்து அடித்தண்டு தங்கிய இடத்தில் அடுத்த உதிர்காலம் வரை வராது. இதைச் சொல்லியிருந்ததால் அக்கா மருந்து தேடி அலையவில்லை. புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும், அதை மற்றவை கொத்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கறுப்பி ஏழாம் வாரம் குஞ்சுகளைக் கொத்தி விலக்கிவிட்டு முட்டையிடத் தொடங்கினாள். பொரித்த மூன்றில் இரண்டுக்குக் கொண்டை இப்போதே தடித்துச் சிவக்கிறது, காலும் பருமன். சேவல்தான். பட்டியில் இரண்டு இருக்கின்றன, எல்லை நான்கு. மூன்று மாதமானதும் இவை அங்கே போகும், பட்டி நிரம்பிவிடும்.

போன வாரம் இன்னொரு பெட்டை சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தது. அக்கா என்னைக் கேட்கவில்லை. அன்று மாலையே கம்பிக் கூண்டை எடுத்துச் செங்கல் மேல் வைத்துவிட்டார்.